எவ்வளவு ஊன்றலாம்?

மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர் சொன்னது ஒரே வரி. "இனிமே கொஞ்சம் கொஞ்சமா ஊனி நடங்கம்மா." அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஆறு வாரமாக "தரையில பட்டுடக் கூடாது" என்று சொன்ன அதே வாய் ஊனச் சொல்கிறதே என்ற திகைப்பில் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியபோது அவர் அடுத்தவருடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். எட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போது நாள் முழுக்க நின்றுகொண்டு கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு வரி மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கால் ஒடிந்தவர்களிடம் நாம் எல்லோரும் "ஊனு" என்கிறோம், "ஊனாதே" என்கிறோம். எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தேவைப்பட்டது அந்த அளவு மட்டும்தான்.

விழுந்தது பெரிய விபத்தெல்லாம் இல்லை. தஞ்சாவூரில் எங்கள் தெருமுனையில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு, தார் விளிம்பு மண்ணைவிட ஒரு சாண் உயர்ந்து நிற்கிற இடம் அது. முன்பாதம் விளிம்பில், குதிகால் அந்தரத்தில். இடது பாதம் உள்பக்கமாக மடங்கியது. காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்ததுபோல ஒரு சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்து நீவிக்கொண்டேன். மறுநாள் காலை பாதத்தின் வெளி ஓரம் நாவற்பழ நிறத்தில் இருந்தது. சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தின் ஓரமாக ஓடும் எலும்பு முறிந்திருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஐந்தாவது மெட்டாடார்சல் என்று பெயர்.

முறிந்த இடத்தை டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். அந்த எலும்பின் அடிப்பக்கத்துக்கு ஒரு வழியாக ரத்தம் வருகிறதாம், நடுத்தண்டுக்கு வேறொரு வழியாக. இரண்டும் சந்திக்கிற இடத்தில் இரண்டுமே மெலிந்துபோகின்றன. நான் முறித்துக்கொண்டது சரியாக அந்த இடத்தில். அவர் ஏதேதோ பெயர்கள் சொன்னார். எனக்கு ஒரே வார்த்தைதான் ஓடியது, கடைமடை. நான் பிறந்தது பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயின் கோடி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் பூத்தூவும் படம் வந்த பிறகும் எங்கள் அப்பா வாய்க்கால் கரையில் போய் வெறும் மணலைப் பார்த்துவிட்டு வருவார். தண்ணீர் வராமலே போய்விடுவதில்லை, தாமதமாக வரும். வருகிறவரை நாற்றைக் கருகவிடாமல் காக்க வேண்டும், அவ்வளவுதான். என் எலும்புக்கு ஆறு வாரம் ஏன் என்பது அந்தத் தாளைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அந்த ஆறு வாரத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் "என் தம்பிக்கும் இதே எலும்புதான், ரெண்டாவது வாரமே வண்டி ஓட்டுனான்" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. அதே எலும்பின் பின்நுனிக் கொண்டையில் சில்லு பெயர்ந்திருந்தால், அடி கெட்டியான பூட் என்ற காலணியை மாட்டிக்கொண்டு, வலி தாங்குகிற அளவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஊன்றி நடக்கலாம் என்பதுதான் இன்றைய வழக்கம். அங்கிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் முன்னால் தள்ளி முறிந்தால் கதையே வேறு. ஆறு முதல் எட்டு வாரம் ஊன்றவிடாமல் மாவுக்கட்டுப் போட்டு வைப்பார்கள், இல்லையென்றால் உள்ளே ஒரு ஸ்க்ரூ ஏற்றுவார்கள். ஒரே எலும்பு, ஒரு விரற்கடை வித்தியாசம். பக்கத்து வீட்டுக்காரர் கால் எப்படிக் கூடியது என்பதை வைத்து நம் காலுக்குத் தேதி குறிக்கவே முடியாது.

நடனமாடிய மருத்துவர்

படுத்துக்கிடந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என் முறிவுக்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். லிவர்பூலில் இருந்த ராபர்ட் ஜோன்ஸ் என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1902-ல் இதைப் பற்றி எழுதினார். முதல் நோயாளி அவரேதான். நடனமாடும்போது குதிகால் தூக்கியிருந்த நிலையில் பாதத்தின் வெளி ஓரத்தில் மிதித்துவிட்டார். யாரும் அவரை மோதவில்லை, எதுவும் காலில் விழவில்லை. தன் உடம்பின் கனத்தினாலேயே எலும்பு முறிந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டியது. எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து அப்போது ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. குதிகால் அந்தரத்தில், வெளி ஓரத்தில் மிதி என்று படித்தபோது எங்கள் தெருமுனை கண்ணில் வந்து நின்றது. நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன் எங்கோ ஒருவருக்கு அச்சாக இதேபோல ஆகியிருக்கிறது என்பதில் ஏன் அத்தனை ஆறுதல் கிடைத்தது என்று இன்றும் தெரியவில்லை.

அந்த ஜோன்ஸை வளர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவருடைய மாமா ஹியூ ஓவன் தாமஸ். வேல்ஸ் நாட்டில் தலைமுறை தலைமுறையாக எலும்பு வைத்தியம் பார்த்துவந்த குடும்பம். நம்மூரில் புத்தூர்க் கட்டு போடுகிறவர்களைப்போலப் பரம்பரையாகக் கைவந்த வித்தை. தாமஸ்தான் அதை முறையான மருத்துவப் படிப்போடு சேர்த்தார். முறிவுக்கும் மூட்டு நோய்க்கும் அவர் சொன்ன மருந்து ஓய்வு. கட்டாய ஓய்வு, இடைவிடாத ஓய்வு, நீண்ட ஓய்வு. அவர் இறந்த மறுவருடம், 1892-ல், ஜெர்மனியில் யூலியுஸ் வுல்ஃப் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைத் தானே மாற்றிக் கட்டிக்கொள்கிறது என்பது அதன் சாரம். சுமை விழுகிற திசையில் எலும்பு கெட்டிப்படும், சுமையே விழாத இடத்தில் கரையும். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதக்கிறவர்களுக்கு இடுப்பு எலும்பு போன்ற சுமை தாங்கும் இடங்களில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை எலும்பின் அடர்த்தி குறைகிறது என்று படித்தபோது, கட்டிலில் தலையணை மேல் தூக்கிவைத்திருந்த என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

ஓய்வு பொய்யில்லை, சுமையும் பொய்யில்லை. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது, இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு மாதிரி மெத்தென்று ஒரு பாலம் உருவாகிறது, பிறகு அதில் சுண்ணாம்பு ஏறி இறுகுகிறது. மெத்தென்று இருக்கும்போது பாரம் போட்டால் பாலம் அறுந்துபோகும். இறுகத் தொடங்கிய பிறகு பாரமே போடாவிட்டால் அதை உறுதிப்படுத்தச் சொல்லி எலும்புக்கு யாரும் உத்தரவு கொடுப்பதில்லை. நாற்றுக்குத் தண்ணீர் கட்டுவதும் அறுப்புக்கு முன் வடியவிடுவதும் மாதிரி. இரண்டும் வேண்டும், அதனதன் நேரத்தில் வேண்டும். இவ்வளவும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் கட்டைப் பிரித்த பிறகு பத்து நாள் நான் காலைத் தரையில் சரியாக ஊன்றவே இல்லை.

அந்தப் பத்து நாள்

கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த கால் என்னுடையதாகத் தெரியவில்லை. தோல் மீன் செதில் போல உரிந்தது. தையல் டேப்பை எடுத்து அளந்தேன், இடது கெண்டைக்கால் வலதைவிட இரண்டரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் ஒரு நிமிடத்தில் பாதம் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாக மாறிவிடும். எங்கேயோ ரத்தம் அடைத்துக்கொண்டது என்று பதறினேன். கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்துதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஆறு வாரமாக அந்த வேலை நடக்காததால் ரத்தம் கீழேயே தேங்குகிறது. காலைத் தூக்கினால் நிறம் திரும்பிவிடும். இது பின்னால்தான் தெரிந்தது. (காலைத் தூக்கி வைத்தும் கெண்டைக்காலில் வீக்கமும் சூடும் வலியும் இருந்தால் அது வேறு விஷயம். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.)

அதற்கு மேல் வீட்டுக்கு வந்தவர்களின் வார்த்தைகள். எல்லாமே அக்கறையில் வந்தவை. "அவசரப்பட்டு ஊனிடாத, எலும்பு விலகிப்போனா ஆயுசுக்கும் நொண்டணும்." "ஆறு மாசம் அலுங்காம இரு." பிரண்டைத் துவையல் வந்தது, உளுந்தங்களி வந்தது, ஆட்டுக்கால் சூப் தூக்குவாளியில் வந்தது. ஒவ்வொருவரிடமும் ஒரு கால் கதை இருந்தது, ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவர் சீக்கிரம் ஊன்றிக் கெட்டுப்போயிருந்தார். ஊன்றாமல் கெட்டவர்களைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருந்தது அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

டாக்டர் கெட்டி அடிப் பூட் ஒன்று கொடுத்திருந்தார். வெறுங்காலோடு ஓரடி கூட வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். நம் வீடுகளில் இது லேசான காரியமா? எங்கள் மாமியார் வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்டாலே முகம் சுருங்கிப்போகிறவர். அடுப்படியை ஒட்டித்தான் சாமி அலமாரி. நான் பூட்டை வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் அவரே அந்தப் பூட்டை எடுத்து, அடிப்பாகத்தை ஈரத்துணியால் விளிம்பு விளிம்பாகத் துடைத்து, என் கட்டிலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். "இது செருப்பில்லம்மா, கட்டு. கட்டு போட்ட கால அடுப்படிக்கு வராதன்னு யாரு சொல்றது" என்றார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் பூட்டைப் போட்ட பிறகும் கால் இறங்கவில்லை. பாதம் தரையைத் தொடும், தொட்டதும் முழங்கால் தானாக மடங்கிக்கொள்ளும். "போதும் போதும், இதுக்கு மேல வெச்சா ஒடிஞ்சிடும்" என்று உடம்பே சொல்லும். நான் கேட்டுக்கொள்வேன்.

எடை மெஷின்

பத்தாம் நாள் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். சின்னப் பெண், என் மாணவிகளில் ஒருத்தி என்று சொல்லலாம், அவ்வளவு வயதுதான். நான் நடப்பதைப் பார்த்தார். காலை நீவவில்லை, பயிற்சி எதுவும் சொல்லவில்லை. "டீச்சர், வீட்ல எடை பாக்குற மெஷின் இருக்கா?" என்றார். இல்லை. "முள்ளு ஓடுற பழைய மாடலா ஒண்ணு வாங்குங்க. நம்பர் காட்டுறது வேணாம், அது நின்னு நிதானிச்சுத்தான் காட்டும். முள்ளுன்னா நீங்க அழுத்த அழுத்த ஓடும்." மாலையில் என் மகன் தெருவில் யார் வீட்டிலிருந்தோ துருப்பிடித்த ஒன்றை இரவல் வாங்கி வந்தான்.

மறுநாள் காலை. சமையல் மேடைக்கும் வாக்கருக்கும் நடுவில் என்னை நிறுத்தினார். இடது காலுக்குக் கீழே மெஷின். வலது கால் தாழ்ந்து நின்றால் இடுப்பு கோணும், அதே உயரத்துக்கு ஏதாவது வேண்டும் என்றார். மாமியார் போய் மணைப்பலகையைக் கொண்டுவந்தார். நான் கல்யாணத்தில் உட்கார்ந்த மணை. அதன் மேல் வலது கால். "உங்க எடை என்னன்னு தெரியுமில்ல?" தெரியும், 62. "இப்போ முள்ளப் பாக்காதீங்க. எதிர்ச் சுவத்தப் பாருங்க. உங்களால முடிஞ்ச அளவுக்கு இடது கால்ல பாரத்த எறக்குங்க." இறக்கினேன். முறிந்த இடம் எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குள் ஒரு வெளிச்சம் போட்டுக் காட்டியதுபோலத் தெரிந்தது. கைகள் வாக்கரை இறுக்கின, நெற்றியில் வேர்த்தது. பாதி உடம்பு, இல்லை அதற்கு மேலேயே அந்தக் காலில் இருக்கிறது என்று எண்ணினேன். "எவ்ளோ இருக்கும் டீச்சர்?" முப்பது, முப்பத்தஞ்சு என்றேன். "இப்போ குனிஞ்சு பாருங்க."

முள் நான்கில் நின்றது.

நான்கு கிலோ. ஒரு பூசணிக்காய். பத்து நாளாக நான் ஊன்றியிருக்கிறேன் என்று நம்பியது அதைவிடக் குறைவு. இதை எழுதும்போதுகூட அந்த வட்டக் கண்ணாடிக்குள் முள் மெல்ல நடுங்கியது தெரிகிறது. என் கால் என்னிடம் பொய் சொல்லவில்லை. ஆறு வாரமாக யாரும் எதுவும் கேட்காததால் அதற்கு அளவே மறந்துபோயிருந்தது. கணக்கு டீச்சரான நான் எண்ணே இல்லாத ஒரு கட்டளையைப் பத்து நாள் கேள்வி கேட்காமல் தூக்கிச் சுமந்திருக்கிறேன்.

"முள்ளப் பாத்துக்கிட்டே பதினஞ்சுக்கு வாங்க. அங்கேயே நில்லுங்க. பாதத்துக்கு அடியில எப்படி இருக்குன்னு மனசுல வாங்கிக்கோங்க. இப்போ கண்ண மூடி எடுத்துட்டு, திரும்ப அதே அளவுக்கு வைங்க." மூடி வைத்தேன், ஏழு. மறுபடி, பதினொன்று. மறுபடி, இருபது. பதினைந்தாவது தடவையோ என்னவோ, கண் திறந்தபோது முள் பதினைந்தை ஒட்டி நின்றது. வலித்தது. ஆனால் அளவு தெரிந்த வலி.

அடுத்த நாள் அவர் வேறொன்று செய்தார். நான் வாக்கரைத் தள்ளி நடக்கிற பாதையில் மெஷினை வைத்து, இடது கால் அதன்மேல் விழும்படி நடக்கச் சொன்னார். நிற்கும்போது நான்குக்கே நடுங்கிய நான், நடையில் ஒரு தடவை முப்பத்தெட்டு வரை போய்விட்டேன். அதுவும் எனக்குத் தெரியவில்லை. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைவிடச் சற்று அதிகமாகவே காலில் இறங்கும் என்றார்; வாக்கரைக் கைகள் அழுத்துகிற அளவுக்குத்தான் அது குறையும். ஆக, பயந்து நின்றபோது ரொம்பக் குறைவு, பேச்சுக்கொடுத்துக்கொண்டே நடந்தபோது ரொம்ப அதிகம். "கொஞ்சம் கொஞ்சமா ஊனுங்க" என்பது இந்த இரண்டையும் தடுக்கவில்லை.

அவர் எனக்கு வகுத்த கணக்கு இது: முதல் வாரம் 15 கிலோ, அடுத்த வாரம் 25, பிறகு பாதி எடை, டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்ற பிறகு முழுதும். ஊன்றும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையும் அந்த வலி மிச்சமிருந்தால் முந்தின நாள் கணக்கை மீறிவிட்டோம் என்று பொருள், ஒரு படி இறங்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பூட் போட்ட கால் உயர்ந்துவிடுவதால் இன்னொரு காலுக்குத் தடித்த ரப்பர் செருப்பு, இல்லையென்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இது என் எலும்புக்கான கணக்கு, வாசிக்கிறவர்கள் தங்கள் காலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். முக்கியமாகச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள். வலிதான் அளவுகோல் என்பது வலி தெரிகிறவர்களுக்கு மட்டும். மரத்த பாதம் முறிந்த எலும்போடு வலியே இல்லாமல் நடந்துவிடும், நடந்து மொத்தப் பாதமும் உருக்குலைந்துபோவது உண்டு. அவர்களுக்கு வீட்டு வைத்தியமும் கூடாது, வீட்டுக் கணக்கும் கூடாது.

அடுத்த எக்ஸ்ரேக்குப் போனபோது டாக்டரிடம் மெஷின் கதையைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். "நல்ல யோசனைதாம்மா" என்றார். வெளியே இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மருந்துச் சீட்டில் மாத்திரைக்கு 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதுகிற கை, பாரத்துக்கும் எத்தனை கிலோ, எத்தனை நாள் என்று எழுதலாமே. அதுவும் மருந்துதான். குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் கெடுக்கும்.

பெரியம்மா

பொங்கலுக்கு ஊரிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது களத்தில் வழுக்கி அவருக்குப் பாதத்தில் முறிந்தது. நாலு மாதம் கட்டிலைவிட்டு இறக்கவே இல்லை, அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தோம். எழுந்தபோது கால் குச்சியாகியிருந்தது. அன்றிலிருந்து சாய்ந்துதான் நடக்கிறார். எலும்பு சரியாகக் கூடவில்லை என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம், அவரும் அதையே நம்பினார். யாரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில்லை.

திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், இரவல் மெஷினுக்குப் பதில் புதிது வாங்கிக் கொடுத்துவிட்டு அந்தப் பழையதை நான் வைத்துக்கொண்டேன். அடுப்படி மூலையில் அதைப் பார்த்து இது என்ன என்று பெரியம்மா கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஒருதரம் பாத்துச் சொல்லேண்டி" என்றார்.

மணையைப் போட்டேன். மாமியார் ஒரு பக்கம் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். பெரியம்மா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி அந்தக் காலை மெஷினில் வைத்தார். பித்தவெடிப்பு படர்ந்த, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சின்னப் பாதம். முள் ஒன்பதுக்குப் போய் நின்றது.

"இன்னும் கொஞ்சம் ஊனுங்க பெரியம்மா. ஒண்ணும் ஆகாது, நான் புடிச்சிருக்கேன்."

பன்னிரண்டு. பதினாலு. மாமியாரின் கையை அவர் விரல்கள் இறுக்குவது தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்லடி" என்றார். "பயமாத்தான் இருக்கு. எவ்ளோ காட்டுது?"

"பதினாறு."

"இன்னும் வெக்கலாமா?"